நனைந்த வெள்ளைக் கவுன்

மேல்கணக்கு, தெரணியகலை
1998 பெப்ரவரி 15

அன்பு மகள் பிரேமலதாவுக்கு அம்மா வெள்ளையம்மா எழுதுவது. நானும் உன் பிள்ளையும் இங்கே சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அந்தச் சுகம் குவைத்தில் உனக்கும் இருக்க வேண்டுமென்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் முதல் கடிதம் வந்தது. தபால்காரர் பிரட்டுக்களத்தில் வைத்து, வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி "வெளிநாட்டுக் கடிதம்" என்று சத்தம் போட்டுக் கொடுத்தார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் இன்னொரு தடவை சொன்னபோது நான் ஒன்றும் தடுக்கவில்லை.

தர்மிளாவைப் பற்றிக் கவலைப்படாதே. இருபத்திரண்டு வருஷம் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவள் நான். கொழுந்தெடுக்கப் போன தாய்மார் என் கையில் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் மலை ஏறினார்கள். இன்றைக்கு இந்தத் தோட்டத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் உட்காரப் பழகினவர்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒன்றை வளர்க்க எனக்கா தெரியாது.

இரண்டாம் வகுப்பில் நன்றாக வாசிக்கிறாள். சாப்பாட்டில்தான் கொஞ்சம் மந்தம். மாப்பிள்ளையும் கொழும்பிலிருந்து போன மாதம் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுன் இரண்டு போதவில்லை. இங்கே ஓயாத மழை, ஒன்றும் காய்வதில்லை. அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் வெள்ளைத் துணி கொடுத்தனுப்பு. தடிப்பான துணியாக இருக்கட்டும். ஜட்டியும் ஆறு ஏழு வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் நினைவாகவே இருக்கும் அம்மா.


குவைத்
1998 மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு மகள் லதா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மழைக்கு ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

துணி கொடுத்தனுப்புகிறேன். ஆனால் அம்மா, நான் வரும்போது ஐந்து ஜட்டி புதிதாக வாங்கி வைத்துவிட்டுத்தானே வந்தேன். இரண்டு மாதத்துக்குள் இன்னும் ஆறு ஏழு எதற்கு? யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா?

தர்மிளாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் கைபட்ட தாளாக இருந்தால் போதும்.

உங்கள் காலில் விழுந்து கும்பிடும் மகள், லதா.


மேல்கணக்கு
1998 ஏப்ரல் 5

அன்பு மகளுக்கு, கடவுள் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகமென்று உன் கடிதத்தில் கண்டு வயிறு குளிர்ந்தது.

பிள்ளை என்றால் சேற்றில் விளையாடத்தான் செய்யும், துணி அழுக்காகத்தான் செய்யும். அதற்குக் கணக்குக் கேட்டு எழுதுகிறாயே. கடிதம் எழுதச் சொன்னேன். எழுதினாள். எழுத்து அழகாக இல்லாததால் நான் அனுப்பவில்லை. போன வாரம் தடிமன் என்று மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை.

சித்திரை வருஷப் பிறப்புக்குக் குருவிட்டைக்கு வரச் சொல்லி உன் நாத்தனார் ஆள் அனுப்பினாள். எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன். தூரத்துப் பிரயாணம் பிள்ளைக்கும் சரிப்படாது. அவள் மூத்தவனும் இளையவளும் பரீட்சையில் என்னென்ன வாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்கும் நேரமில்லை.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா.


குவைத்
1998 மே 8

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் சுகத்தை விசாரித்து லதா எழுதுவது.

நம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஏழுமலை அண்ணனின் கொழுந்தியாள் இங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை மாவு வாங்கப் போன இடத்தில் கண்டேன். அவளுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்ததாம். தர்மிளா பகலில் கவுனோடேயே மூத்திரம் போய்விடுகிறாளாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம். ஒரு நாள் நீங்கள் அந்த ஈரக் கவுனைக் கழற்றி அவள் தலையில் போட்டு, வேலை விட்டு வருகிற ஆட்கள் பார்க்க லயத்து வாசலில் நிறுத்தினீர்களாம்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்துவிட்டேன் அம்மா.

இது உண்மையா என்று மட்டும் எழுதுங்கள்.

லதா.


மேல்கணக்கு
1998 மே 30

மகள் லதாவுக்கு அம்மா எழுதுவது. சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவைக்கு மனம் வரவில்லை. அடுத்தவன் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்ப்பதுதான் ஏழுமலை பெண்சாதிக்கு வேலை. அது கடல் தாண்டியும் போகும் என்று நான் நினைக்கவில்லை.

ஆமாம், போகிறாள். நீ புறப்பட்டுப் போன மாதத்திலிருந்து. ராத்திரியில் இல்லை, பாய் காய்ந்தேதான் இருக்கிறது. அதனால்தான் எனக்கு ஆத்திரம். தூக்கத்தில் அடக்கத் தெரிந்தவளுக்கு விழித்திருக்கும்போது தெரியாதா? "ஏண்டி, சொல்ல வாயில்லையா ஒனக்கு?" என்றால் தரையைப் பார்க்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

நிறுத்தினேன். அதையும் மறைக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் அதுதான் பழக்கம். எனக்கு முன்னால் இருந்த ஆயா எனக்குச் சொல்லித் தந்தது. நனைத்த பிள்ளை நனைத்ததைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும், பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும் தாய்மார் பார்க்க வேண்டும். ஒரு தடவை நின்ற பிள்ளை மறு தடவை நிற்காது. தோட்டத்துத் துரை வந்து பார்த்துவிட்டு, இந்தக் காம்பராவில்தான் மூத்திர வாடை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீயும் நின்றிருக்கிறாய். நீ கெட்டா போனாய்?

இப்போது வேறு வைத்தியம் நடக்கிறது. காலையில் தேயிலைச் சாயத்தண்ணி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, போத்தலை எடுத்து மேலே வைத்துவிட்டேன். குறைந்துகொண்டு வருகிறது.

மாப்பிள்ளைக்கு இதை எழுதிவிடாதே. குருவிட்டைக்குத் தெரிந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். ஆயாவாக இருந்தவளுக்குச் சொந்தப் பேத்தியைப் பார்க்கத் தெரியவில்லை என்ற பேரோடு நான் இந்த லயத்தில் நடமாட முடியாது.

உன் அம்மா.


மேல்கணக்கு
1998 ஜூலை 5

மகளுக்கு, நாங்கள் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தானாகவே தலையை ஆட்டிக்கொண்டு போகிறார். வேலை அதிகமாக இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கோபம் என்றால் கோபத்தையாவது எழுது.

அம்மா.


மேல்கணக்கு
1998 ஆகஸ்ட் 9

அன்பு மகள் லதாவுக்கு, இந்தத் தடவை சுகம் என்று எழுத முடியவில்லை. ஆனால் பயப்படாதே. இப்போது தேறிவிட்டாள்.

போன மாதக் கடைசியில் தர்மிளாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூத்திரம் போகும்போது எரிகிறது என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே போனால் மத்தியானத்துக்குள் மேல்கணக்கு கீழ்க்கணக்கு என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படி யோசித்தே இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் ஆயுர்வேத மருந்து வாங்கலாம் என்று தெரணியகலை டவுனுக்குக் கூட்டிப் போனேன். போகும் வழியிலேயே நனைத்துவிட்டாள். ஸபியாவின் துணிக்கடையில் ஏறி ஆறு ஜட்டி கேட்டேன். "யாருக்கு இத்தன?" என்றாள். அயலாருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை பக்கத்தில் காலைப் பின்னிக்கொண்டு நின்றது. ஸபியா அதைப் பார்த்துவிட்டாள்.

"வெள்ளையம்மாக்கா, எங்கட மக பாஹிமாவுக்கும் எட்டு வயசு வரைக்கும் இப்பிடித்தான் இருந்திச்சு. ஓதிப் பாத்தோம், தண்ணி மந்திரிச்சுக் குடுத்தோம். கடைசில அவிசாவள ஆஸ்பத்திரியிலதான் சரியாச்சு. நீங்க வெக்கப்பட்டுட்டு நின்டா புள்ளைக்குத்தானே நோவு."

கடையை மகளிடம் விட்டுவிட்டு அவளே எங்களோடு பஸ் ஏறினாள்.

டாக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று சிங்களத்தில் கேட்டாள். பள்ளிக்கூடம் போகும் நாளில் கொடுப்பதே இல்லை என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன் லதா. அவள் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தாள்.

தண்ணீர் இல்லாமல்தான் மூத்திரம் கடுத்து உள்ளே கிருமி பிடித்திருக்கிறதாம். நாள் முழுக்க அடக்கி அடக்கி, வெளிக்கும் போகாமல் வயிறு கல்லாகி, அது மூத்திரப்பையை அழுத்துகிறதாம். தெரிந்து எழும்புவதற்குள் வந்துவிடுகிறதாம், பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லையாம். தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும், இரண்டு மணிக்கு ஒரு தடவை போக வைக்க வேண்டும், ஏசவே கூடாது என்றாள்.

பிறகு பிள்ளையிடமே கேட்டாள், ஏன் பள்ளிக்கூடத்தில் போகாமல் அடக்குகிறாய் என்று. ஸபியா தமிழில் சொன்னாள். தர்மிளா என்னைப் பார்க்காமல் ஸபியாவைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"கக்கூஸுக்குக் கதவில்ல. பையங்க எட்டிப் பாத்துச் சிரிக்கிறாங்க. வகுப்புல கேட்டா மாஸ்டர் இடைவேள வரைக்கும் இருன்னு சொல்லுவாரு."

ஏழு மாதமாக நான் அவளிடம் எத்தனையோ கேட்டேன். இதைக் கேட்கவில்லை.

மருந்து பத்து நாள் கொடுத்தேன். காய்ச்சல் விட்டது, எரிச்சல் இல்லை. நனைப்பது நிற்கவில்லை. போத்தலை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் நான் பார்க்கும்போது அவள் குடிப்பதில்லை.

அம்மா.


குவைத்
1998 ஆகஸ்ட் 30

அன்புள்ள அம்மாவுக்கு, பிள்ளை தேறியதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஸபியா அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். "நீயும் நின்றிருக்கிறாய்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்போது நாலு வயது. அந்த வயதில் நடந்தது ஞாபகம் இருக்காது என்று நினைத்திருப்பீர்கள். அன்றைக்குப் பால் கொடுக்க வந்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் என்னால் பேர் சொல்ல முடியும். பிள்ளைக்காம்பராவில் உங்களை நான் அம்மா என்று கூப்பிடக்கூடாது, மற்றப் பிள்ளைகள் மாதிரி ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும். அன்று அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

இங்கே எனக்கான குளியலறை கீழே இருக்கிறது. மேடம் அதைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்திருப்பார். கேட்டால் தருவார். ஆனால் கேட்க வேண்டும். நோன்பு மாதத்தில் ஒரு நாள் வீடு நிறைய விருந்தாளிகள். அதற்கு மேல் எழுத வேண்டாம். தர்மிளா ஏன் கேட்காமல் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

உங்கள் மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டேன் அம்மா. தை மாதம் புதுவருஷ வகுப்புக்குப் பிள்ளையைக் குருவிட்டைக்குக் கூட்டிப்போகலாம் என்று அவர் அக்கா சொல்கிறாராம். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

மகள் லதா.


மேல்கணக்கு
1998 செப்டெம்பர் 27

அன்பு மகளுக்கு, நாங்கள் இருவரும் சுகம். நீ எழுதியதற்கு எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குக் காணாது. நடந்ததை எழுதுகிறேன்.

டாக்டர் எழுதித் தந்த துண்டுச் சீட்டை ஒரு மாதத்துக்கு மேல் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டே திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வாயால் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உன் கடிதம் வந்த மறுநாள் போனேன்.

தர்மிளாவின் வகுப்பு மாஸ்டர் யார் தெரியுமா, பழனியாண்டி மகன் கிருஷ்ணகுமார்தான். என் காம்பராவில் வளர்ந்தவன். "வாங்க ஆயாம்மா, ஒக்காருங்க" என்றான். நான் உட்காரவில்லை.

"புள்ளைய ரெண்டு மணிக்கு ஒருக்கா வெளிய விடணும். இந்தா டாக்டர் துண்டு."

"விடுறேன் ஆயாம்மா. அவ கேக்கவே மாட்டேங்குறாளே."

"கேட்டதுக்கு இடைவேள வரைக்கும் இருன்னியாமே."

"நாப்பத்திரெண்டு புள்ளைங்க ஆயாம்மா. ஒண்ண விட்டா பத்து எந்திரிக்கும்." துண்டை வாசித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான். "நீங்க என்னையும் ஒரு நாளு வாசல்ல நிக்க வச்சீங்க. எங்கப்பா அந்தப் பக்கமா தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட வந்தாரு. அவரு பாத்தாரா பாக்கலயான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

என்ன வாய் எனக்கு. "அதுக்கப்புறம் நீ நனைக்கலதானே" என்றேன்.

"நனைக்கல ஆயாம்மா. அடக்கி அடக்கி வயித்துவலின்னு ரெண்டு வருஷம் எங்கம்மா என்னயத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியா அலைஞ்சாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னான். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அன்றைக்கே உரச் சாக்கு ஒன்றை அறுத்துக் கக்கூஸ் வாசலில் அவனே கட்டினான். இப்போது இரண்டு பாடம் முடிந்ததும் வகுப்பு முழுவதையும் வெளியே அனுப்புகிறான், முதலில் பெண் பிள்ளைகள். யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. தர்மிளாவுக்கு மட்டும் என்று யாருக்கும் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் இன்னும் நனைகிறது. நனைந்தால் நான் ஒன்றும் கேட்பதில்லை, மாற்றுத் துணி கொடுக்கிறேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன். முகம் ஞாபகம் வரவில்லை. அவர்களுக்கு என் முகம் ஞாபகம் இருக்கும்.

உன் அம்மா.


குவைத்
1998 ஒக்டோபர் 25

அன்புள்ள அம்மாவுக்கு, லதா எழுதுவது. நலமே இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போனது உங்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

குருவிட்டை விஷயத்தில் அவரிடம் சொல்லிவிட்டேன், அம்மா என்ன முடிவு செய்கிறார்களோ அதுதான் என்று. நீங்கள் வேண்டாம் என்றால் நான் வரும்வரை உங்களிடமே இருக்கட்டும். ஆனால் தர்மிளாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மை யாரும் கேட்டதில்லை.

உங்கள் மகள்.


மேல்கணக்கு
1998 டிசம்பர் 20

அன்பு மகள் லதாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் பிள்ளையும் சுகம், ஆனால் இதை எழுதும்போது அவள் என் பக்கத்தில் இல்லை.

நீ சொன்னபடி கேட்டேன். அவள் தலைவாரிக்கொள்ள என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தை வீட்டுக்குப் போய்ப் படிக்கிறாயா என்றேன். தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"குருவிட்ட பள்ளிக்கூடத்துல கக்கூஸுக்குக் கதவு இருக்கா அம்மாயி?"

இங்கே கக்கூஸ் வாசலில் கட்டிய சாக்கு ஐப்பசி மழைக்கே இற்றுப்போய்விட்டது. இரண்டாவது சாக்கும் கட்டி அதுவும் போய்விட்டது. மூன்றாம் வகுப்புக்கு வேறு மாஸ்டர். நான் ஆள் அனுப்பி விசாரித்தேன். குருவிட்டையில் கதவு இருக்கிறது, உள்ளே கொண்டியும் இருக்கிறது, குழாயும் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் என்ன முடிவு செய்ய இருக்கிறது.

உன் நாத்தனார் வெள்ளிக்கிழமை வந்தாள். வந்ததும் வராததுமாக "பிள்ளைக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போச்சா? எங்க வீட்டுல அப்பிடி ஒண்ணும் இருந்ததில்ல" என்றாள். பழைய நாளாக இருந்தால் நான் விட்டிருப்பேனா. விட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம் போலவும் இருந்தது. தர்மிளாவைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு, அவளை அடுப்படியில் உட்கார வைத்துச் சொன்னேன்.

"விடல. பத்து நாளைக்கு ஒருக்கா ஆகும். ஆகும்போது ஏசாத. யாருக்கும் காட்டாத. தண்ணிய நிறுத்தாத. நான் தண்ணிய நிறுத்தித்தான் அதுக்குக் காய்ச்ச வந்துச்சு. ஈரக் கவுனத் தலையில போட்டு வாசல்ல நிறுத்தினதும் நான்தான். ஊரு சொல்றது பொய்யில்ல."

ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன். "எத்தன மணிக்கு ஒருக்கா போக விடணும் அத்த?" என்று கேட்டாள்.

நேற்றுக் காலையில் தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அவிசாவளை பஸ் நின்றது. கண்டக்டர் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டான். உன் நாத்தனார் ஏறிவிட்டாள். தர்மிளா படியில் ஒரு காலை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"எனக்குப் போகணும்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை லதா. பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் போகவில்லையா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கண்டக்டர் "இக்மனட்ட நங்கி, இக்மனட்ட" என்று அவசரப்படுத்தினான். அவள் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குத் தானாக நடந்து போனாள். கல்லாவில் இருந்த முதலாளியிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டாள். அவர் பின்பக்கம் கையைக் காட்டினார். உள்ளே போனாள்.

டிரைவர் ஹோன் அடித்தான். இரண்டாம் தடவையும் அடித்தான். உன் நாத்தனார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவளே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது.

தர்மிளா கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் நின்ற இடத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பயந்துபோய் நின்றுவிட்டாள்.

"அடுத்த பஸ் பத்தரைக்குத்தான் இருக்கு. வா, ஒக்காரு" என்றாள் உன் நாத்தனார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் மூன்று பேரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் குளியலறைச் சாவியை மேடத்திடம் கேட்டு வாங்கு லதா, எத்தனை விருந்தாளி இருந்தாலும் கேள்.

உன் அம்மா.